எச்சரிக்கைப் பலகை யாரைக் காக்கிறது?
பொது இடங்களில் நேரும் விபத்துகள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏரி, கடற்கரை, பூங்கா, மலைப்பாதை போன்ற அரசு இடங்களுக்குப் பொழுதுபோக்கச் சென்றவர்களுக்கு நேர்ந்த விபத்துகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆயினும் ஆங்கிலப் பொதுச்சட்ட மரபைத் தழுவிய நாடுகளின் நீதிமன்றங்கள் ஒன்றின் தீர்ப்பை மற்றொன்று படித்தே இந்தத் துறையை வளர்த்திருக்கின்றன. ஆகவே ஒரு நாட்டின் தீர்ப்பு இன்னொரு நாட்டு நீதிபதியைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அவர் எந்தக் கேள்வியை முதலில் கேட்பார் என்பதை அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: என் தம்பி மகன் அரசுக்குச் சொந்தமான ஏரியில் தலைகீழாகப் பாய்ந்து, கழுத்து முறிந்து, இப்போது படுக்கையில் இருக்கிறான். அவனுக்கு வயது 19. அங்கே "நீந்தக் கூடாது" என்று பலகை இருந்தது. பலகை இருந்ததால் வழக்கே தொடர முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது சரிதானா?

பதில்: உங்கள் குடும்பத்தின் துயரம் எனக்குப் புரிகிறது. உங்களுக்கு வீண் நம்பிக்கை தரவும் எனக்கு மனமில்லை, தேவையின்றி நம்பிக்கையைப் பறிக்கவும் மனமில்லை. ஆகவே ஏறத்தாழ இதே நிலையில் எழுந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், மணல் தோண்டி எடுத்த பழைய பள்ளத்தில் நீர் நிரம்பி உருவான ஏரி ஒன்று உள்ளாட்சி அமைப்பின் பூங்காவுக்குள் இருந்தது. ஆபத்தான நீர், நீந்தக் கூடாது என்று பலகைகள் இருந்தபோதும் மக்கள் ஆண்டுதோறும் இறங்கி விளையாடியே வந்தார்கள். பலகைகள் பலிக்கவில்லை என்பதை நன்றாகவே அறிந்திருந்த நிர்வாகம், மணற்கரைகளை மண்ணிட்டு மூடிச் செடி நட்டு, யாரும் இறங்க முடியாதபடி செய்துவிடத் திட்டமிட்டது. நிதிப் பற்றாக்குறையால் அந்தப் பணி தள்ளிப்போயிற்று. 1995 மே மாதத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் முழங்காலுக்குச் சற்று மேலான நீரில் நின்றபடி முன்னோக்கிப் பாய்ந்தார். தலை அடிமணலில் மோதி, கைகால்கள் செயலிழந்தன.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் ஓரளவு சாய்ந்தது. ஆபத்தை அறிந்தும், தீர்வு கையில் இருந்தும் நிர்வாகம் செயல்படவில்லை என்று அது கருதியது. எனினும் விபத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொறுப்பை அந்த இளைஞர் மீதே சுமத்தியது. 2003-இல், அந்நாளில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் அவை அந்தத் தீர்ப்பையும் மாற்றி, நிர்வாகத்துக்குப் பொறுப்பே இல்லை என்று முடிவு கூறியது. டாம்லின்சன் எதிர் காங்கிள்டன் என்று அந்த வழக்கைக் குறிப்பிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பில் பலகையைவிட முக்கியமாகக் கருதப்பட்டது வேறொன்று. ஏரியின் அடியில் மறைந்திருந்த பொறி ஏதுமில்லை. ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பது வயது வந்த எவருக்கும் தெரிந்ததே. அதைத் தெரிந்தே செய்யும் ஒருவரை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய கடமை இட உரிமையாளருக்கு இல்லை என்றார் நீதிபதி ஹாஃப்மன் பிரபு. பாயாமல் கரையில் அமைதியாக அமர்ந்து செல்லும் பல்லாயிரம் பேருக்கும், மணலில் விளையாடும் குழந்தைகளுக்கும் அந்தக் கரையை மூடிவிடுவது நியாயமாகாது என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பொழுதுபோக்குக்கு ஒரு சமூக மதிப்பு உண்டு, அதையும் தராசில் வைக்க வேண்டும் என்ற இந்தக் கருத்து அந்நாட்டின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் பின்னர் இடம்பெற்றது.

பலகை அந்த வழக்கில் வேறு ஒரு வேலையைச் செய்தது. பூங்காவுக்குள் அந்த இளைஞர் அனுமதியோடு வந்தவர். ஆனால் தடை விதிக்கப்பட்ட நீரில் இறங்கிய நொடியில் அனுமதியைத் தாண்டியவராகக் கருதப்பட்டார். அப்படிப்பட்டவருக்கு இட உரிமையாளர் காட்ட வேண்டிய அக்கறையின் அளவு குறைவு. "நீந்தக் கூடாது" என்ற பலகை எச்சரிப்பதோடு நில்லாமல், அனுமதியின் எல்லையையும் இவ்வாறு வரையறுத்துவிடுகிறது.

இதை உங்கள் வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீர் ஆழமற்றது என்பது மட்டுமே காரணமானால் வழக்கு கடினமானது. மாறாக, நீருக்கடியில் பழைய கான்கிரீட் தூண், இரும்புக் கம்பி, உடைந்த படித்துறை போன்ற ஏதேனும் இருந்து, அது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல், நிர்வாகத்துக்கு மட்டும் தெரிந்திருந்தால் நிலைமை வேறு. "நீந்தக் கூடாது" என்று மட்டும் சொல்லும் பலகை அந்தத் தூணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே உங்கள் வழக்கறிஞரிடம் பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீருக்கடியில் என்ன இருந்தது என்பதைப் பேசுங்கள்.

கேள்வி: பலகையே இல்லாத இடத்தில் விபத்து நடந்தால் அரசு கட்டாயம் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா?

பதில்: கட்டாயம் இல்லை. இரண்டு ஆஸ்திரேலிய வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்நெஸ்ட் தீவில் "பேசின்" எனப்படும் இயற்கையான கடல்நீர்த் தேக்கம் உண்டு. நீந்துவதற்கு ஏற்ற இடம் என்று தீவின் நிர்வாகமே அதை விளம்பரப்படுத்தி வந்தது. அங்கிருந்த பாறைத் திட்டிலிருந்து பாய்ந்த ஒருவர் நீருக்குள் மூழ்கியிருந்த பாறையில் மோதி உடல் செயலிழந்தார். 1993-இல் நாட்டின் உச்ச நீதி அமைப்பான ஹை கோர்ட், மக்களை அழைத்துவிட்டு மூழ்கிய பாறைகளைப் பற்றி எச்சரிக்காமல் இருந்தது கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது.

அடுத்த வழக்கு டார்வின் நகருக்கு அருகே உள்ள ட்ரிப்ஸ்டோன் செங்குத்துப் பாறைகளில் நடந்தது. இரவில், மது அருந்திய நிலையில் இருந்த பதின்ம வயதுப் பெண் ஒருவர் செடிகளுக்கு இடையே தெரிந்த வெற்று மண் திட்டைப் பாதை என்று நினைத்து நடந்து, சுமார் 6.5 மீட்டர் கீழே விழுந்தார். அவருக்கும் உடல் செயலிழந்தது. அங்கே விளிம்பில் வேலியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இருந்தும் 1998-இல் அதே ஹை கோர்ட் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. பாறை விளிம்பு ஆபத்தானது என்பது எவருக்கும் கண்கூடு. நீண்டு கிடக்கும் கடலோரம் முழுவதும் வேலியடைக்கும்படி ஒரு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது பெரும்பான்மையினரின் கருத்து.

இரு வழக்குகளிலும் காயத்தின் கொடுமை ஒன்றேதான். பலகை இல்லாமையும் ஒன்றேதான். முதல் வழக்கில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது, நிர்வாகமோ அந்த இடத்துக்கு மக்களை வரவழைத்தது. இரண்டாவதில் ஆபத்து கண்ணெதிரே நின்றது. எச்சரிக்கை என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்து வருபவருக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் ஒப்படைப்பதற்காகவே இருக்கிறது; ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் திரும்பச் சொல்லாதது குற்றமாகாது. இந்தக் கொள்கையை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2002-ஆம் ஆண்டு உரிமையியல் பொறுப்புச் சட்டத்தில் எழுத்திலேயே வைத்துவிட்டது: வெளிப்படையான ஆபத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டிய கடமை பொதுவாக இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ இன்னும் ஒரு படி மேலே போய், மேம்படுத்தப்படாத அரசு நிலத்தின் இயற்கையான நிலையால் விளையும் காயத்துக்கு அரசு அமைப்பைப் பொறுப்பாக்க முடியாது என்று சட்டமியற்றியிருக்கிறது. காடும் கடற்கரையும் மக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டுமானால் இந்தக் காப்பு தேவை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இருட்டில் எதுவும் கண்கூடு ஆகாது என்ற எண்ணம் இரண்டாவது வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. ஆனால் இருட்டில் வேகம் குறைத்து நடப்பதும் ஒருவர் தம்மிடமே எதிர்பார்க்க வேண்டிய எச்சரிக்கை என்பதையும் நான் மறுக்கவில்லை.

கேள்வி: பூங்காவில் எட்டு வயதுக் குழந்தைக்கு விபத்து. "பலகை வைத்திருந்தோம்" என்று நிர்வாகம் கைவிரிக்கிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் சட்டம் ஒன்றுதானா?

பதில்: இல்லவே இல்லை. பலகையின் பாதுகாப்பு மிகவும் மெலிந்துபோவது குழந்தைகளிடத்தில்தான்.

கிளாஸ்கோ நகரத் தாவரவியல் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் செடியில் செர்ரியைப் போலப் பளபளத்த கனிகளைப் பறித்துத் தின்று இறந்தான். அது பெல்லடோனா என்னும் நச்சுச் செடி. வேலி இல்லை; சிறுவனுக்குப் புரியும்படியான எச்சரிக்கையும் இல்லை. தந்தையின் வழக்கை விசாரணைக்கே எடுக்கக் கூடாது என்று மாநகராட்சி எழுப்பிய தடையை 1921-இல் பிரபுக்கள் அவை நிராகரித்தது. குழந்தைகள் வருவார்கள் என்று தெரிந்த இடத்தில், குழந்தையின் கண்ணைக் கவரும் ஆபத்தை, அது ஆபத்து என்று அறிய முடியாத குழந்தையின் கைக்கெட்டும்படி விட்டுவைப்பது கவனக்குறைவாகலாம் என்ற கொள்கை அதிலிருந்து வலுப்பெற்றது. இங்கிலாந்தின் 1957-ஆம் ஆண்டு இட உரிமையாளர் பொறுப்புச் சட்டமும், குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனம் குறைந்தவர்களாக இருப்பார்கள் என்பதை எதிர்பார்த்தே இட உரிமையாளர் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது.

பலகையைப் பற்றியே நேராகப் பேசும் வழக்கு ஒன்றும் இருக்கிறது. லண்டனின் சட்டன் பகுதியில் உள்ளாட்சி அமைப்பின் குடியிருப்பு வளாகத்தில் கைவிடப்பட்ட படகு ஒன்று கிடந்தது. ஆபத்து, தொடாதீர்கள், அகற்றப்படும் என்று நிர்வாகம் அதன்மேல் ஒரு தாளை ஒட்டியது. அகற்றவில்லை. மேலே வண்ணம் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மரம் உளுத்திருந்தது. அதைப் பழுதுபார்த்து ஓட்டலாம் என்று இரு சிறுவர்கள் முட்டுக்கொடுத்து உயர்த்தியபோது படகு சரிந்து, 14 வயதுச் சிறுவனின் முதுகெலும்பைச் சிதைத்தது. சிறுவர்கள் இத்தனை தூரம் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்ற வாதத்தைப் பிரபுக்கள் அவை 2000-இல் ஏற்க மறுத்தது. சிறுவர்களின் விளையாட்டு எந்த வடிவத்தையும் எடுக்கும். ஆபத்தைப் பற்றித் தாள் ஒட்டுமளவுக்கு நிர்வாகத்துக்கு அறிவு இருந்தது என்பதே அதற்கு எதிரான சான்றாயிற்று. அகற்றக்கூடிய ஆபத்தை அகற்றாமல் அதன்மேல் எச்சரிக்கையை ஒட்டிவிட்டுப் போவதை நான் எந்த நாளும் நியாயப்படுத்த மாட்டேன்.

உங்கள் வழக்கில் பலகையின் வாசகம் என்ன, எட்டு வயதுக் குழந்தை அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா, அது குழந்தையின் கண்மட்டத்தில் இருந்ததா என்பவற்றைக் கேளுங்கள். பெற்றோர் உடனிருந்தார்களா என்பதை எதிர்த்தரப்பு கேட்கும். சிறு குழந்தையைப் பெரியவர் துணையோடு வருவதாக எதிர்பார்க்க நிர்வாகத்துக்கும் உரிமை உண்டு.

கேள்வி: நான் ஓர் உள்ளாட்சி அமைப்பில் பூங்காக்களையும் நீர்நிலைகளையும் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். எல்லா இடங்களிலும் "உங்கள் சொந்தப் பொறுப்பில் நுழையவும்" என்று பலகை நட்டுவிட்டால் எங்கள் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. இதை ஒரு பொறுப்பாளர் விபத்துக்கு முன்பே கேட்கிறார் என்பதற்காக மகிழ்கிறேன்.

நான் மேலே சொன்ன 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு இதற்கு நேராக விடை சொல்கிறது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்பதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. வருபவர் போதிய அளவு பாதுகாப்பாக இருப்பதற்கு அந்த எச்சரிக்கை எல்லாச் சூழ்நிலைகளிலும் போதுமானதாக இருந்ததா என்பதே கேள்வி. "சொந்தப் பொறுப்பில்" என்ற வாசகம் எந்த ஆபத்தையும் அடையாளம் காட்டவில்லை; அதைப் படித்த ஒருவர் தம் நடத்தையில் எதை மாற்றிக்கொள்வார்? "நீருக்கடியில் பாறைகள் உள்ளன, பாய வேண்டாம்" என்ற வாசகத்தைப் படித்தவரோ பாயாமல் நடந்து இறங்குவார்.

நியூ சவுத் வேல்ஸ் சட்டம் நிர்வாகங்களுக்குச் சற்றே தாராளமானது. பொழுதுபோக்கு நடவடிக்கைக்கான ஆபத்து எச்சரிக்கை, மக்களைச் சென்றடையத்தக்க விதத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் போதும். காயமடைந்தவர் அதை உண்மையில் படித்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை பொதுவானதாகவும் இருக்கலாம். ஆயினும் நேர்ந்த ஆபத்தின் பொதுத் தன்மையையாவது அது தொட்டிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமும் வரையறுக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். பலகை எங்கே நிற்கிறது என்பது என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. அருவிக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில் நிற்கும் பலகை, திரும்பிப் போகலாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் நிற்கிறது. அருவியின் உச்சியில், வழுக்குப் பாறைக்கு மேல் நிற்கும் பலகை, முடிவெடுத்து முடித்தவருக்கு முன்னால் நிற்கிறது. பல நுழைவழிகள் உள்ள ஏரிக்குப் பெரிய வாயிலில் மட்டும் பலகை வைத்தால், பக்கவழியாக வருபவருக்கு எச்சரிக்கையே இல்லை. செடி வளர்ந்து மறைத்த பலகை, வெயிலில் வெளுத்துப்போன பலகை, இருட்டில் தெரியாத பலகை ஆகியவற்றை நீதிமன்றத்தில் நிழற்படமாகக் காட்டுவது எதிர்த்தரப்புக்கு எளிது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் "ஆழம் 3 மீட்டர்" என்று நிலையாக எழுதிவைப்பது மிகவும் ஆபத்தானது. கோடையில் அந்தப் பலகை பொய் சொல்லும், அதை நம்பியே ஒருவர் பாயக்கூடும். அங்கே அளவுகோல் தூண் நடுங்கள்.

எழுத்தறியாதவரும் வேற்றுமொழியாளரும் வரும் இடங்களில் படக்குறிகள் இன்றியமையாதவை. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஓ 7010 தரத்தில் இக்குறிகளுக்கு நிலையான வடிவம் உண்டு: தடைக்குச் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும், எச்சரிக்கைக்குக் கறுப்பு விளிம்புடைய மஞ்சள் முக்கோணம், கட்டாயம் செய்ய வேண்டியதற்கு நீல வட்டம். நீர்நிலைகளுக்கும் கடற்கரைக் கொடிகளுக்கும் ஐஎஸ்ஓ 20712 என்ற தனித் தரம் இருக்கிறது. மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் உள்ள கொடிகள் உயிர்காப்பாளர் கண்காணிக்கும் நீந்தும் பகுதியைக் காட்டுகின்றன. இந்தக் கொடிகளை நடுவதே ஓர் அழைப்பு என்பதையும் மனத்தில் வையுங்கள். சிட்னியின் போண்டை கடற்கரையில் கொடிகளுக்கு இடையே குளித்த ஒருவர் அலைக்குள் பாய்ந்தபோது மணல்திட்டில் மோதிக் கழுத்து முறிந்தது. கொடிகள் நடப்பட்ட இடத்தைப் பற்றி அவர் தொடுத்த வழக்கில் ஜூரிகள் வழங்கிய 37.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டை 2005-இல் ஹை கோர்ட் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் நிலைநிறுத்தியது.

எங்கு திரும்பினாலும் பலகை என்ற நிலையும் நல்லதல்ல. பத்துப் பலகைகளில் ஒன்பது சாதாரணமான ஒன்றைச் சொன்னால், உண்மையான ஆபத்தைச் சொல்லும் பத்தாவதையும் மக்கள் கடந்துபோவார்கள்.

மக்கள் பலகையை மதிக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் உங்களுக்கு எழும். நியூ சவுத் வேல்ஸில் ஒரு பாலத்தில், பாயக் கூடாது என்ற படக்குறி இருந்தும் சிறுவர்கள் பல ஆண்டுகளாகப் பாய்ந்து வந்தார்கள். 1998-இன் கடைசி நாளில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பாய்ந்து படுகாயமுற்றான். கீழ் நீதிமன்றங்கள் சாலை நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின. 2007-இல் ஹை கோர்ட், மீண்டும் 3-க்கு 2 என்ற நெருக்கமான பெரும்பான்மையில், நிர்வாகத்தின் கடமை நியாயமான அக்கறை காட்டுவதே தவிர விபத்தே நேராமல் தடுத்தே தீருவது அல்ல என்று கூறி அதை விடுவித்தது. இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நீதிபதிகளில் இருவர் வேறாக நினைத்தார்கள். பலகை பலிக்கவில்லை என்று உங்கள் கோப்பிலேயே பதிவாகியிருந்தால், அடுத்த கட்டமாக எதை ஆராய்ந்தீர்கள், ஏன் ஏற்றீர்கள் அல்லது ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதிவையுங்கள். பலகைகளைச் சோதித்த நாட்களின் பதிவேடும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: நுழைவுச் சீட்டின் பின்புறம் "விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருந்தார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லலாமா?

பதில்: எச்சரிக்கை வேறு, பொறுப்புத் துறப்பு வேறு. எச்சரிக்கை உங்களைக் காக்க முயல்கிறது. துறப்பு, காயம் நேர்ந்த பிறகு நிர்வாகத்தைக் காக்க முயல்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டமும், நுகர்வோரைப் பொறுத்தவரை 2015-ஆம் ஆண்டுச் சட்டமும், கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை இப்படி ஓர் அறிவிப்பால் துறப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அரசுத் துறைகளின், உள்ளாட்சி அமைப்புகளின் செயல்பாடுகளையும் அவை உள்ளடக்குகின்றன. வேறு நாடுகளில் இத்தகைய வாசகம் செல்லும் இடங்களும் உண்டு. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கட்டணம் பல இடங்களில் நிலைமையை மாற்றும். அமெரிக்க மாநிலங்களின் பொழுதுபோக்குப் பயன்பாட்டுச் சட்டங்கள், இலவசமாக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்குக் காப்பளித்துவிட்டு, கட்டணம் வாங்குபவரிடமிருந்து அந்தக் காப்பைப் பெரும்பாலும் எடுத்துவிடுகின்றன. அரசு அமைப்புகளைப் பற்றிய கலிபோர்னியச் சட்டம் இதில் நுட்பமான வேறுபாடு ஒன்றைச் செய்கிறது: அந்தக் குறிப்பிட்ட ஆபத்தான விளையாட்டுக்கென்றே கட்டணம் வாங்கியிருந்தால் காப்பு இல்லை, பூங்கா நுழைவுக்கோ வண்டி நிறுத்தத்துக்கோ வாங்கிய பொதுக் கட்டணம் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் சீட்டில் எதற்கான கட்டணம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும்போது அணையிலிருந்து திடீரென்று நீர் திறந்துவிட்டால், அது அரசின் இறையாண்மைச் செயல், கேட்க முடியாது என்கிறார்களே?

பதில்: அரசன் தவறு செய்யமாட்டான் என்ற பழைய கொள்கையின் எச்சம் இது. அமெரிக்கா 1946-இலும் பிரிட்டன் 1947-இலும் சட்டமியற்றி அந்தக் கொள்கையைப் பெருமளவு தளர்த்தின. இந்தியாவில் அரசு வாகனம் மோதி இறந்தவரின் வழக்கில், சாதாரண முதலாளியைப் போலவே அரசும் தன் ஊழியரின் கவனக்குறைவுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் கூறியது. 1964-இல் வேறொரு வழக்கில் பின்வாங்கினாலும், வாழ்வுரிமை பறிக்கப்பட்டதற்கான இழப்பீட்டுக்கு இறையாண்மை ஒரு தடையல்ல என்று 1993-இல் தெளிவாக்கியது.

நீங்கள் கேட்ட துயரமே 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் நடந்தது. சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்றிருந்தபோது, மேலே லார்ஜி நீர்மின் திட்டத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெருகி வந்து 24 மாணவர்களையும் அவர்களோடு வந்த ஒருவரையும் அடித்துச் சென்றது. தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்ட மாநில உயர் நீதிமன்றம், மின்வாரியம், கல்லூரி, மாநில அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து இழப்பீடு தர வேண்டும் என்று 2016-இல் ஆணையிட்டது. இங்கே ஆற்றின் ஆபத்து இயற்கையானதல்ல. மனிதக் கை ஒன்று மதகைத் திறந்ததால் ஒரு சில நிமிடங்களில் உருவானது. கரையில் நிற்பவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அதைக் காண முடியாது. திறப்பவருக்கு மட்டுமே தெரியும். மறைந்த ஆபத்துக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு இல்லை. இத்தகைய இடத்தில் நிலையான பலகை மட்டும் போதாது. ஆற்றோரம் முழுவதும் கேட்கும் சைரனும், திறப்பதற்கு முன் கரையைப் பார்த்துவரும் ஆட்களும் வேண்டும்.

அரசுக்கு இன்னமும் எஞ்சியிருக்கும் வலுவான காப்பு கொள்கை முடிவுகளைப் பற்றியது. எந்தக் கடற்கரைக்கு உயிர்காப்பாளரை நியமிப்பது, எந்தப் பாதைக்கு நிதி ஒதுக்குவது போன்ற முடிவுகளில் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும். சைரன் ஒலிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்து ஊழியர் ஒலிக்காவிட்டால் அது கொள்கை முடிவு அல்ல; விதி கட்டாயமாக்கியதில் விருப்புரிமைக்கு இடமில்லை என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1988-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே முதலில் அந்த அணையின் இயக்க விதிகளைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: விபத்து நடந்த மறுவாரமே அங்கே பலகை வைத்துவிட்டார்கள். இது தவறை ஒப்புக்கொண்டதாகாதா?

பதில்: ஆகாது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் துறைமுகச் சுவரில் பாசியில் வழுக்கி விழுந்தவரின் வழக்கில், பின்னர் பலகை வைக்கப்பட்டது என்பதால் முன்பு கவனக்குறைவு இருந்தது என்று கொள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் மறுத்தது. விபத்துக்குப் பின் திருத்திக்கொள்வதே வழக்கில் தோல்விக்கு வழிவகுக்குமானால் யாரும் திருத்திக்கொள்ள மாட்டார்கள். பலகை வைக்க முன்பே திட்டம் இருந்ததா, முன்பு புகார்கள் வந்தனவா என்பவற்றைத் தேடுங்கள். அவை உங்களுக்கு அதிகம் பயன்படும்.

கேள்வி: விபத்து நேர்ந்த குடும்பம் முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: காயமடைந்தவரின் மருத்துவத்தைக் கவனித்த பிறகு, உறவினர் ஒருவர் அந்த இடத்துக்குப் போய், விபத்து நேர்ந்த அதே நேரத்தில், வருபவர் நடந்து வரும் திசையிலிருந்தே படம் எடுக்க வேண்டும். பலகை இருந்தால் அதன் வாசகம், உயரம், எத்தனை அடி தொலைவிலிருந்து படிக்க முடிகிறது என்பதைக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இன்மையையும் படமாக்க வேண்டும். நீர்நிலையானால் அன்றைய நீர்மட்டத்தைப் பதிவு செய்யுங்கள், ஏனெனில் அது மறுநாளே மாறிவிடும். அங்கு அடிக்கடி வருபவர்களிடம் இதற்கு முன் விபத்து நடந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமானது காலக்கெடு. அரசுக்கு எதிரான கோரிக்கைகளுக்குத் தனியார்மீது தொடுக்கும் வழக்கைவிடக் குறுகிய கெடுவோ தனி முன்னறிவிப்போ பல நாடுகளில் உண்டு. கலிபோர்னியாவில் உடற்காயக் கோரிக்கையை 6 மாதங்களுக்குள் உரிய அமைப்பிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்; அமெரிக்கக் கூட்டாட்சி அரசுக்கு எதிரானதென்றால் 2 ஆண்டுகள்; கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நகராட்சிச் சாலை, நடைபாதை விபத்துகளுக்கு 10 நாட்களுக்குள் எழுத்து வழி அறிவிப்பு தர வேண்டும்; இந்தியாவில் அரசின்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்குமுன் 2 மாத முன்னறிவிப்பைச் சட்டம் பொதுவாகக் கேட்கிறது. எந்த அமைப்புக்கு அந்த நிலம் சொந்தம், எது அதைப் பராமரிக்கிறது என்பவை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டுக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. ஐயமிருந்தால் இரண்டு அமைப்புகளுக்கும், ஒப்புகைச் சீட்டோடு கூடிய பதிவு அஞ்சலில், தனித்தனியே அனுப்பிவிடுங்கள்.